மெத்தைக்கடையில் இலவசத் தூக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மருமகளைப் பெற்ற மெத்தைக்கடைக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி, தங்கள் மருமகள் எல்லோரும் சுகம். தங்கள் முழங்கால் வலி தேவலை என்றும், மாடிப்படியில் தாங்கள் பழையபடி ஏறி இறங்குவதாகவும் மாப்பிள்ளை சொன்னார், கேட்டு மனம் குளிர்ந்தது. போன் இருக்கும்போது இந்த மனிதன் ஏன் தாளை எடுத்தான் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் எதை ஆரம்பித்தாலும் தாங்கள் “அதனால என்ன சம்பந்தி, விடுங்க, சின்னஞ்சிறுசுங்க” என்று சொல்லிவிடுவீர்கள். அதற்கு மேல் என் வாயிலிருந்து ஒன்றும் வராது. எழுத்தில் தாங்கள் குறுக்கே பேச முடியாது. இதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதெல்லாம் குறை மாதிரியே இருக்கும். எங்கள் மகள் புருஷன் வீட்டை விட்டு இங்கே வந்து தங்கியிருந்தாள் என்ற செய்தி தங்கள் காதுக்கு எந்த உருவத்தில் வந்ததோ தெரியாது. நடந்தது என்ன என்று நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என் கடையைத் தாங்கள் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறீர்கள். நீளமான ஒரே அறை, இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில், நடுவில் நடக்க வழி. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது என்று தாங்கள் அன்று சொன்னீர்கள். தங்கள் வீட்டு அம்மா அவர்கள் முறைத்ததும் அரண்மனை மாதிரி இருக்கிறது என்று மாற்றிக்கொண்டீர்கள். இரண்டும் பொருத்தம்தான். மெத்தை வியாபாரத்தில் ஒரு சங்கடம் உண்டு சம்பந்தி. மெத்தையை நின்றுகொண்டு வாங்க முடியாது, படுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் முன்பின் தெரியாத இடத்தில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்க யாருக்கும் கூச்சம். படுப்பார்கள், கைப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மரக்கட்டை மாதிரி படுப்பார்கள், “நல்லாத்தான் இருக்கு” என்று எழுந்து போய்விடுவார்கள். ஒரு மத்தியானம் கடைக்கு வந்த மாப்பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் ஒரு சின்ன ஒலிபெருக்கியையும் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென்டிரைவையும் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். “இதைப் போட்டு விடுங்க மாமா. அசந்துருவாங்க” என்றார். மாமனார் தொழில்மேல் இவ்வளவு அக்கறையுள்ள பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அன்று இரவு சாப்பாட்டில் தங்களைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தோம்.

அதில் இருந்தவை தூங்க வைக்கிற கதைகள். ஒரு பெண் குரல். இளையவளா மூத்தவளா என்று சொல்ல முடியாது. ஈரத்துணியை நிதானமாக உதறிக் கொடியில் போடுவது போல, ஒவ்வொரு சொல்லாக விரித்துப் போடுகிற குரல். முதல் கதை, ராத்திரி நேரத்தில் தெருத்தெருவாகப் போய் விளக்குகளை அணைக்கிற ஒருத்தியைப் பற்றியது. ஒவ்வொரு விளக்கிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் அணைப்பாள். தையற்கடை விளக்கிடம், இன்றைக்கு எத்தனை ஊசி தொலைந்தது என்று விசாரிப்பாள். பள்ளிக்கூட வாசல் விளக்கிடம், போதும், பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நீயும் தூங்கு என்பாள். அவள் நடக்க நடக்க அவளுக்குப் பின்னால் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகிக்கொண்டே வரும். கடைசியில் ஆற்றுப் பாலத்துக்குப் போகிறாள். அங்கே ஒரே ஒரு விளக்கு. அதற்கு மேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கல்லாவில் உட்கார்ந்தபடியே நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது, கண்ணாடியில் தண்ணீர் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது, என் கடையில் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் கட்டிலுக்கு ஒருவராக உறங்கிக்கொண்டிருந்தார்கள். கடை முழுக்க ஒரே மூச்சு. புது ரப்பரின் வாசனையும் மழை வாசனையும் கலந்து, கடையே ஏதோ ஓர் ஓடையில் மெல்ல மிதந்து போவது போல எனக்குத் தோன்றியது. கெட்டி மெத்தையா மெதுமெத்தையா என்று சண்டை போட்டுக்கொண்டே வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, எழுந்ததும் எதற்குச் சண்டை என்பதே மறந்துபோய், படுத்திருந்ததையே எழுதச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த இந்த நேரத்தில்தான் இலவசத் தூக்கக்காரர்கள் முளைத்தார்கள். பக்கத்து மருந்துக்கடைக்காரர், தூக்க மாத்திரை விற்கிறவர், கையில் ஒரு தலையணையோடு வந்தார். எதிர்ச்சாரியில் கார் ஓட்டக் கற்றுத்தருகிற வாத்தியார் வந்தார். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர், தூக்கத்திலும் வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டேயிருப்பார், கட்டில் ‘டக்’ ‘டக்’ என்று நகரும். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் வருவார்கள், படுப்பார்கள், எழுந்து முகம் கழுவிக்கொண்டு போவார்கள். வாங்குகிற பேச்சே கிடையாது. நிஜமாக வாங்க வருகிறவர்கள் படுக்க இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர், “ஏன் சார் கோவிச்சுக்கறீங்க? நான் என்ன மெத்தைய சுருட்டிட்டா போறேன்? அது அங்கயேதான இருக்கு?” என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மெத்தை அங்கேயே இருக்கிறது, சரி. அந்த மெத்தையைச் செய்தவன் யார், உறையைத் துவைக்கிறவன் யார், இந்த இடத்துக்கு வாடகை கொடுக்கிறவன் யார்? ஒருவன் உழைப்பில் இன்னொருவன் கால் நீட்டிப் படுப்பது எந்த ஊர் நியாயம்? ‘படுப்பது வாங்குவதற்காக மட்டுமே’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதி மாட்டினேன். அந்தப் பலகைக்கு நேர் கீழே இருந்த கட்டில்தான் நிழலாக இருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் அதற்கு இடம் மாறிக்கொண்டார். இதை எழுதும்போது எனக்கே இப்போது கொஞ்சம் உறுத்துகிறது, ஆனால் அன்று உறுத்தவில்லை சம்பந்தி. நியாயம் முழுக்க என் பக்கம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு மத்தியானத்தில், நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். ஒற்றை ஆள் மெத்தை, மடக்கி வைக்கிற மாதிரி, விலை குறைவாக வேண்டும் என்றார். சின்ன அறைக்கு வீடு மாறப் போகிறாராம். “படுத்துப் பாருங்கம்மா, கூச்சப்படாதீங்க, இங்க எல்லாரும் படுத்துட்டுதான் இருக்காங்க” என்று மருந்துக்கடைக்காரரைக் காட்டினேன். படுத்தார். விளக்கணைக்கிற பெண்ணின் கதை ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் போல இவரும் இரண்டாவது தெருவைத் தாண்டமாட்டார் என்று நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் அவர் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருக்கிறார். உதடு அசைகிறது. குரல் ஒரு சொல்லைச் சொல்வதற்கு ஒரு மூச்சு முன்னால் இவருடைய உதடு அதே சொல்லைச் சொல்லி முடித்துவிடுகிறது.

“நல்லா இருக்குங்களா?” என்று கேட்டேன்.

“மெத்தையா, கதையா?”

“ரெண்டும்தான்.”

“மெத்தை பரவாயில்லை. இந்தக் கதைய எங்க சார் வாங்கினீங்க?”

“வாங்கறதா? எங்க மாப்பிள்ளை சும்மா குடுத்தாருங்க. அவர்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு. உங்களுக்கும் வேணும்னா சொல்லுங்க, போன்ல ஏத்தி விடறேன்” என்று நான் தாராளமாகச் சொன்னேன்.

“வேண்டாம் சார், என்கிட்ட இருக்கு” என்றார் அவர். கூரையைப் பார்த்தபடியே, “ஆரம்பத்துல ஒரு வரி வருமே, இதுல அது இல்லையே” என்றார்.

“எந்த வரிங்க?”

“சொல்றது யாருங்கற வரி.”

சொல்லிவிட்டு, படுத்தபடியே அந்த வரியைச் சொல்லிக் காட்டினார். என் கடைக்குள் ஒரே குரல் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று ஒலிபெருக்கியிலிருந்து, ஒன்று ஜன்னலோரக் கட்டிலிலிருந்து.  கனவுக்குள் கேட்ட குரல் குடையோடு கடைக்கு வந்து விலை கேட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. அவர் பெயரை அவரைக் கேட்காமல் இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் வீட்டில் தூக்கக்காரம்மா என்றே பேச்சு, அப்படியே எழுதுகிறேன்.

ஒலிபெருக்கியை அணைத்தேன். அணைத்ததும் கடையில் எல்லோரும் ஒரே சமயத்தில் புரண்டு படுத்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “இந்த மெத்தைய சும்மா எடுத்துட்டுப் போங்கம்மா” என்றேன். “ஏன் சார்? நீங்க செஞ்ச பொருள். காசு குடுத்துதான் எடுப்பேன்” என்றார். கோபமாகவே சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கணக்கை முடித்திருப்பேன். ஆனாலும் சும்மா இருக்க முடியாமல் கொஞ்சம் வாதாடினேன். “தப்பா நினைக்காதீங்கம்மா. மெத்தைய எடுத்தா என்கிட்ட ஒண்ணு குறையும். கதைய நகல் எடுத்தா உங்ககிட்ட குறையறதில்லையே?” என்றேன். அவர் பலகையைப் பார்த்தார், அதன் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். “இவர் தூங்கி எழுந்து போனா உங்ககிட்ட என்ன சார் குறையும்?” என்றார். மருந்துக்கடைக்காரர் கண்ணைத் திறக்காமலே, “அதைத்தான் நானும் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கேன்” என்றார்.

மெத்தையை நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மூன்றாம் மாடி. கட்டில்கூட இல்லாத அறையில் ஒரு பெரிய மர அலமாரி மட்டும் நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே துணிக்குப் பதில் நாலு பக்கமும் பழைய கம்பளி அடித்திருந்தது, நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக், மைக்குக்கு ஒரு சாக்ஸ் போட்டுவிட்டிருந்தது. இதற்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்வாராம். லாரி போனால் நிறுத்தி முதலிலிருந்து, மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தால் முதலிலிருந்து, தன் வயிறு கூவினால் அதற்கும் முதலிலிருந்து. ஒரு கதையை எழுத ஒரு வாரம்கூட ஆகும், பத்து நிமிஷம் சுத்தமாகச் சொல்லி முடிக்க ஒரு பகல் ஆகும் என்றார். முதலில் மாதாமாதம் காசு கட்டிக் கேட்க நிறையப் பேர் இருந்தார்கள். பிறகு ஊரே அவர் குரலில் தூங்கியது, கட்டுகிறவர்கள் மட்டும் குறைந்துகொண்டே வந்தார்கள். “ஆளுங்க கேக்கறதை விட்டுட்டாங்கன்னு நினைச்சேன் சார். என் குரல் பழசாயிடுச்சு போலன்னு. கதைய மாத்திப் பார்த்தேன், பேசற வேகத்தை மாத்திப் பார்த்தேன். உங்க கடைக்கு வந்தப்புறம்தான் தெரியுது, எல்லாரும் கேட்டுட்டுதான் இருக்காங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மெத்தையின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். இப்போது என்ன வேலை என்று கேட்டேன். துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனி ஒன்றின் புகார் எண்ணில் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். ஒருமுறை சொன்னால் போதுமாம், அதற்குமேல் அவரைக் கூப்பிட மாட்டார்களாம். கதை சொல்வதை நிறுத்தியாயிற்று, அலமாரியையும் விற்கப் போகிறேன், வாங்க ஆள் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

அன்றிலிருந்து கடையில் ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் பழையபடி கைப்பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்தார்கள். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் சரியில்லை, தாங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது, எங்கே கட்டிக்கொடுத்திருந்தாலும் இதேதான். அவளை மறுபடி தூங்க வைத்தது இந்தக் குரல்தான். இனி அது கிடையாது என்றதும் கண்ணைத் திறந்துகொண்டு விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். துணி இயந்திரக் கம்பெனி விஷயத்தைப் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன், அது என் தவறு. மறுநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனால், போனைக் காதில் வைத்தபடி சோபாவில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். போனுக்குள் தூக்கக்காரம்மா, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்று, உலகத்தில் யாருமே யாருக்கும் சொல்லாத கனிவோடு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பெனி ஆள் லைனுக்கு வந்துவிட்டார். “சொல்லுங்கம்மா, மெஷின்ல என்ன பிரச்சினை?” என்று அவர் கேட்க, இவள் திடுக்கிட்டு எழுந்து, “ஒரு பிரச்சினையும் இல்லீங்க, திரும்பவும் காக்க வைங்க” என்றாள். எங்கள் வீட்டில் அந்தக் கம்பெனி இயந்திரமே கிடையாது.

இதெல்லாம் தெரிந்ததும் தங்கள் மருமகள் மாப்பிள்ளையிடம், வைத்திருக்கிற கதைகளையெல்லாம் அழித்துவிடச் சொல்லியிருக்கிறாள். அவர் முடியாது என்றிருக்கிறார். அன்றைக்கே ஒரு பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு இவள் இங்கே வந்துவிட்டாள். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்தார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் நீதிமன்றம். நான் வாய் திறக்கவில்லை, மாப்பிள்ளையிடம் மாமனார் எப்படிப் பேசுவது, சாப்பிடுங்க சாப்பிடுங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நான் எதையும் வெட்டல மாமா. எனக்கு வந்தப்பவே அவங்க பேர் இல்லாமத்தான் வந்தது. குடுத்தவனுக்கும் அப்படித்தான் வந்திருக்கு” என்றார் அவர்.

“வாங்கினவங்க யாருமே வெட்டல. அப்ப அது தானா அறுந்து விழுந்துச்சா?” என்றாள் இவள்.

 அப்போது மாப்பிள்ளை, தாங்கள்கூட அறியாத ஒன்றைச் சொன்னார். வேலைக்கென்று முதன்முதலில் இந்த ஊருக்கு வந்தபோது ஆறு பேர் சேர்ந்திருந்த அறையில், வீட்டு நினைப்பில் அவருக்குத் தூக்கமே வராதாம். யாரோ ஒருவன் இந்தக் கதைகளைக் கொடுத்தான், அதிலிருந்துதான் தூங்கினேன் என்றார். “அப்ப என்கிட்ட அதுக்குக் குடுக்கக் காசு இல்ல மாமா. அவங்க குரல் இல்லன்னா நான் வேலைய விட்டுட்டு ஊருக்கே ஓடியிருப்பேன். அதை எப்படி அழிக்கறது?”

இவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “அப்ப இல்ல, சரி. இப்ப இருக்குல்ல? இப்பவும் அவங்க அலமாரிய விக்கறாங்க.”

 அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவினார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று என் மனைவி பதறினாள். அவர் நேராகப் போனது மூன்றாம் மாடிக்கு. அங்கே என்ன பேசினார்கள் என்று முழுக்கத் தெரியாது. பென்டிரைவை நீட்டி, இது உங்களோடது, வைத்திருக்க எனக்கு உரிமையில்லை, அழிக்கவும் மனசு வரவில்லை, நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றிருக்கிறார். தூக்கக்காரம்மா அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆரம்ப காலத்தில் சொன்ன கதைகள் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டன, அவரிடமே இல்லை. எல்லாம் இதில் பத்திரமாக இருந்தன. தன் இளவயதுக் குரலை அந்த அலமாரிக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். “என் கதைய என்கிட்ட இருந்து திருடினவங்கதான் எனக்கே அதைக் காப்பாத்தி வெச்சிருக்கீங்க. திட்டறதா கும்பிடறதான்னு தெரியலையே தம்பி” என்றாராம். மாப்பிள்ளை, “திட்டிட்டு அப்புறம் பார்த்துக்கலாங்க” என்றாராம். திட்டியிருக்கிறார். அதை மாப்பிள்ளை எங்களிடம் விவரிக்கவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

அதன் பிறகு ஆன ஏற்பாடுகள் எல்லாம் மாப்பிள்ளையுடையவை. கதைகளுக்கு முன்னால் அந்த அம்மாவின் பெயர் வருகிற வரியைத் திரும்பச் சேர்த்து, கேட்கிறவர்கள் காசு கட்டிக் கேட்கிறபடி செய்து கொடுத்தார், காசு இல்லாதவர்கள் அவரிடம் சொல்லிவிட்டுச் சும்மா கேட்கவும் ஒரு வழி வைத்தார். மத்தியானங்களில் தூக்கக்காரம்மாவே கடைக்கு வந்து நேரில் சொல்வது என்றும், அதற்கு நான் சம்பளம் தருவது என்றும், படுக்கிறவர்கள் வாசலில் கட்டணம் கொடுத்துவிட்டுப் படுப்பது என்றும் பேசி முடித்தோம். தொகையை அவரே சொன்னார், நான் வியாபாரி, பேரம் பேச வாய் துடித்தது, என் மகள் என் காலை மிதித்தாள்.

முதல் நாள் கூட்டம் எனக்கே ஆச்சரியம். கார் வாத்தியார் கட்டணம் கொடுத்துவிட்டுக் கம்பீரமாகப் படுத்தார். மருந்துக்கடைக்காரரும் கொடுத்தார், ஆனால் வழக்கத்துக்கு மாறாக ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார், அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். தூக்கக்காரம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, முதலில் தன் பெயரைச் சொன்னார். பிறகு விளக்கணைக்கிறவளின் கதை. ஜன்னல் திரை காற்றில் லேசாக ஊதிக்கொண்டது. தையற்கடை அணைந்தது, பள்ளிக்கூட வாசல் அணைந்தது. ஒவ்வொரு கட்டிலாக மூச்சு நீண்டது. சொல்லிக்கொண்டே அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அத்தனை வருஷம் கம்பளி அடித்த அலமாரிக்குள் தனியாகப் பேசியவர், தன் சொல் போய்ச் சேருகிற இடத்தை அன்றுதான் கண்ணால் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாத்தியாரின் வலது கால் மெல்ல மெல்லப் பிரேக்கை விட்டது.

அப்போது மருந்துக்கடைக்காரரின் தலையணைக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தேன். போன். பதிவு செய்துகொண்டிருக்கிறார். மனிதர் காசு கொடுத்துவிட்டுத் திருடுகிறார். நான் எழுந்துவிட்டேன். தூக்கக்காரம்மா கையை லேசாக உயர்த்தி என்னை உட்காரச் சொன்னார். கதையை நிறுத்தவில்லை, குரலும் மாறவில்லை.

“அடுத்த தெருவில் ஒரு மருந்துக்கடைக்காரர் படுத்திருந்தார். அவருடைய தலையணைக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கணைப்பவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த விளக்கை நான் அணைக்க மாட்டேன், இது நீங்கள் ஏற்றியது என்றாள். அவளுக்கு அவசரமில்லை. அவர் அணைக்கும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.”

சொல்லிவிட்டு அவரும் பேசாமல் இருந்தார். கடையில் ஒரு சத்தமில்லை. வெளியே போன வண்டிகூட மெதுவாகப் போனது போல இருந்தது. மருந்துக்கடைக்காரரின் கண்கள் மூடியே இருந்தன. அவருடைய கை மட்டும் தானாக, தூக்கத்தில் நகர்வது போலத் தலையணைக்கு அடியில் போனது. சிவப்பு அணைந்தது. “நன்றி என்று சொல்லிவிட்டு அவள் பாலத்தை நோக்கி நடந்தாள்” என்று கதை மேலே போனது. பாலத்தில் என்ன நடந்தது என்று இம்முறையும் எனக்குத் தெரியாது.

அன்று மாலை எல்லோரும் போன பிறகும் மருந்துக்கடைக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். “என் மகன் வெளியூர்ல இருக்கான். அவனுக்கும் தூக்கம் வரலன்னான், அவனுக்கு அனுப்பலாம்னு பார்த்தேன்” என்றார். தூக்கக்காரம்மா, “அதுக்கென்னங்க, கேட்டுட்டு அனுப்பலாமே” என்று தன் பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தங்கள் மருமகள் அன்று இரவே மாப்பிள்ளையோடு வீடு திரும்பிவிட்டாள், பையில் கொண்டுவந்த துணியோடு என் மனைவியின் தலையணை ஒன்றையும் எடுத்துப் போயிருக்கிறாள். அதிலிருந்து வாரக் கடைசியில் மட்டும் இருவருமாக இங்கே வந்துபோகிறார்கள். இன்றும் வந்திருக்கிறார்கள்.

இப்போது நான் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை தங்களுக்கும் இந்தக் கதைகளை அனுப்பியிருக்கிறார் என்றும், தாங்கள் அதைத் தங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறீர்கள் என்றும், அவர்கள் பூங்காவில் நடப்பதை விட்டுவிட்டு பெஞ்சில் தூங்குகிறார்கள் என்றும் கேள்வி. தங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை, நான் கடை வைத்தே செய்தவன். அந்தப் பழைய பிரதிகளை அழித்துவிட்டு, தூக்கக்காரம்மாவின் பெயர் உள்ள இடத்தில் காசு கட்டிக் கேட்க வேண்டும் என்று தாங்கள் நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் பெரிய உபகாரம். தங்கள் வார்த்தைக்கு அங்கே இருக்கிற மதிப்பு எனக்குத் தெரியும்.

வீட்டில் அம்மா அவர்களுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தாங்கள் இருவரும் படுத்தவுடன் உறங்கி, எழும்போது வலியில்லாமல் எழுந்து, நெடுநாள் நிறைவாக இருக்க மனதார வேண்டுகிறேன். எழுத்தில் மரியாதை எங்கேனும் குறைந்திருந்தால் அது மையின் பிழை, மனதின் பிழை அல்ல.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட சம்பந்தி.

பி.கு.: உறையில் போடுவதற்கு முன், மரியாதைக் குறைவாக ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, இதை என் மகளை உரக்கப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது பத்தியில் மாப்பிள்ளை தூங்கிவிட்டார். மூன்றாவதில் என் மனைவி. அலமாரிக்கு இனி ஆள் பார்க்க வேண்டாம் என்று சொல்ல வந்திருந்த தூக்கக்காரம்மா முழுதும் கேட்டுவிட்டு, இப்படி ஒரு தூக்கம் தன் கதைக்கே வந்ததில்லை என்று சொல்லி, இந்தக் கடிதத்தைத் தானே படித்து வெளியிடும் உரிமையை என்னிடம் முறையாக விலைக்கு வாங்கிக்கொண்டார். கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆகவே இதை யாருக்கும் இலவசமாகக் கொடுக்க இனி எனக்கு அதிகாரம் கிடையாது. தாங்கள் மேலே உள்ளதைப் படிக்காததாகவே பாவிக்க வேண்டுகிறேன். தங்கள் மகனைப் பற்றியோ தங்கள் நடைப்பயிற்சிக் குழுவைப் பற்றியோ நான் தங்களுக்கு ஒன்றுமே எழுதவில்லை. மாப்பிள்ளை இதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார், அவரிடம் ஒரு நகல் வாங்கிக்கொள்ளலாம் என்று தாங்கள் நினைக்கக்கூடும். எழுதியவன் என்ற முறையில் நானே கேட்டுப் பார்த்தேன் சம்பந்தி. காசு கட்டிக் கேளுங்க மாமா என்கிறார்.